கோளாறு என்ற கட்டம்

மாமனாருக்குக் காது மந்தமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் வீட்டில் யாரும், அவரைப் பற்றிப் பேசும்போதுகூட, அவருக்கு எதிரே குரலைத் தணித்துப் பேசியதில்லை. பத்து நாளுக்கு முன்புதான் மகன் அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தான். காது திரும்பிவிட்டது. மற்றவர்களின் வாய்க்குத்தான் பழக்கம் போகவில்லை, கண்ணுகளா.

பதினோராம் நாள் மெஷினைக் காணோம். மருமகள் கட்டிலைப் புரட்டினாள், தலையணை உறையை உதறினாள். மேசைமேல் ஒரு ரசீது கிடந்தது. பழைய போன், ரிமோட் எல்லாம் உடைத்துப் பிரிக்க வாங்கிக்கொள்ளும் கூடத்தின் ரசீது. 'சார்ஜர் இரண்டு, காது மெஷின் ஒன்று.' மறதியாகச் சேர்த்துப் போட்டுவிட்டார் என்று நினைத்து ஓடினாள்.

கூடத்தில் சாமான்களைத் தரம் பிரிக்கிற அம்மாள், கையுறையைக் கழற்றாமலே பதிவேட்டைத் திருப்பினாள்.

"மறதியெல்லாம் இல்லம்மா. உடனே உடைச்சிடுவீங்களான்னு கேட்டார். நாலு மணிக்கு லாரி வரும், ஏத்திடுவோம்னேன். அந்தப் பதிலைக் கேட்டப்புறம்தான் காதுலேருந்து கழட்டிக் குடுத்தார்."

'கோளாறு' என்ற கட்டத்தில் மாமனாரின் கையெழுத்து: எல்லாம் கேட்கிறது.

முந்தின நாள் சமையலறையில் புருஷனிடம் தான் சொன்னது மருமகளுக்கு ஞாபகம் வந்தது. "இன்னும் எத்தனை நாளைக்கு இவரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறது?" பெரியவர் அப்போது தண்ணீர் குடிக்க வந்திருந்தார். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"எங்கிட்டக் குடுத்திடுங்க. நான் அவர் மருமக."

"போட்டவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம். மாமனார் காதை மருமக வாங்கிட்டுப் போறதா? நல்ல கதையா இருக்கே."

வீட்டுக்கு வந்தவள் ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள். 'நான் சொன்னது தப்பு மாமா. கூட வாங்க. நாலு மணிக்குள்ள போகணும்.'

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

கூடத்தில் கையெழுத்துப் போட்டு மெஷினை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். காதில் மாட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள்: ஆபீஸ் களைப்பு, பிள்ளைகளின் பரீட்சை, ஆத்திரத்தில் வாய் தவறியது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கையில் மெஷினை எடுத்து, தூசியை ஊதி, காதில் சொருகிக்கொண்டார்.

"இப்பச் சொல்லு," என்றார்.

மருமகள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை காரணம் ஒன்றும் சொல்லவில்லை.