தர்மாவின் எடை சுங்கை சிப்புட்டுக்குப் போன கதை

மலேசியாவில், ஈப்போவின் சிலிபின் பகுதியில் பேனர் கடை வைத்திருக்கும் தர்மா, போன வருடம் ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, தன் கடையின் உட்கூரையில் தலையை இடித்துக்கொண்டார். அப்போது அவருடைய எடை பூஜ்யத்துக்கும் கீழே முந்நூறு கிராம். பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதை எப்படி நிறுப்பது என்று கேட்பவர்களுக்கு: பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு சேர்த்து அவரைக் கட்டிப் பார்சல் தராசில் வைத்தார்கள். ஒன்பது கிலோ எழுநூறு காட்டியது. கணக்கு அவ்வளவுதான்.

அவர் அந்த நிலைக்கு வந்த வழியை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தர்மாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினோரு வருடங்களுக்கு முன் மனநோய் வார்டில் இருபத்தாறு நாள் இருந்து திரும்பியவர். அன்றிலிருந்து தினம் இரண்டு மாத்திரை. அவர் அதை மறைத்ததில்லை. "என் மண்டைக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணியாச்சு, உங்களுக்குத்தான் இன்னும் பண்ணல" என்று வாடிக்கையாளர்களிடமே சொல்வார். சிகிச்சையில் இருக்கும் நாற்பத்தொரு பேருக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்திவந்த சமூகநலப் பணியாளர் கலாதேவி அவரைத் தேடி வந்தது இதனால்தான். குழுவுக்கு அனுப்ப மலாய்ச் செய்திகள் கலாதேவியிடம் இருந்தன, ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழில் இருந்தவை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்போல இருந்தன. "சின்னதா எழுதுங்கோ தர்மா. நாளுக்கு ஒண்டு. தண்ணி குடியுங்கோ, கொஞ்சம் வெயில்ல நில்லுங்கோ, அவ்வளவுதான்" என்றார்.

கோளாறு தொழிலில் இருந்தது. பேனரில் ஓர் அங்குலம் காலியாக இருந்தாலும் எங்கள் ஊரில் காசு கொடுத்தவர் கோபித்துக்கொள்வார். ஆகவே இருபது வருடமாகத் தர்மா காலி இடத்தைக் கண்டால் ரோஜாவையோ புறாவையோ இரண்டு வரி முழக்கத்தையோ வைத்து அடைத்துப் பழகியிருந்தார். 'தண்ணீர் குடியுங்கள்' என்ற செய்தி அவர் கையிலிருந்து இப்படி வெளியே வந்தது: "வற்றாத நதியே! வாடாத மலரே! தாகம் தீர்க்கும் தண்ணீர் அருந்தித் தடைகளைத் தகர்த்துச் சிகரம் ஏறு!" பின்னணியில் ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குழுவில் இருந்த சிலிபின்காரர்களான எங்களுக்கு அது மிக நன்றாக இருப்பதாகவே பட்டது. எங்களுக்கு அறிவுரை கேட்கப் பிடிக்காது, சொல்லப் பிடிக்கும், பிறர் சொல்ல நேர்ந்தால் அது அலங்காரமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் கிளினிக்கில் எடை பார்க்கும் தாதி குழுவில் எல்லோருக்கும் எடை கூடியிருக்கிறது என்று, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றை நிறுத்தச் சொன்னார். இந்த மருந்துகளால் சிலருக்கு எடை கூடுவது வழக்கம் என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. தர்மா இளைத்ததற்கும் காரணம் இருந்தது. தன் காலை நடைதான் அது என்று அவரே நம்பி, நடைப்பயிற்சி பற்றி மேலும் ஆறு செய்திகள் அனுப்பினார், மேலும் இளைத்தார். அவர் கூரையில் இடித்த அன்று மதியம் கலாதேவிதான் கணினியில் தர்மாவின் எடையையும் குழுவின் எடையையும் இரண்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். எண்பத்திரண்டு கிலோவாக இருந்த மனிதர் இழந்தது எண்பத்திரண்டு கிலோ முந்நூறு. குழுவில் எல்லோரும் சேர்ந்து கூடியதும் அதே எண்பத்திரண்டு கிலோ முந்நூறு. ஆறுதல் சொல்கிறவரின் பாரம் அவரை விட்டு இறங்கி, படிக்கிறவர் மேல் ஏறிக்கொண்டிருந்தது. 'கவலைப்படாதே' இருபது கிராம். 'எல்லாம் நன்மைக்கே' அறுபது. 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்' மட்டும் முழுதாக நானூறு கிராம் இருந்தது. செய்தியைத் திறந்து படித்தால்தான் ஏறும். எங்களில் பெரும்பாலோர் குழுவில் வருவதைத் திறப்பதே இல்லை. நாற்பது பேர் ஆளுக்கு ஒரு கிலோவுக்குள் தப்பித்தது அந்தச் சோம்பலால்தான்.

நாற்பத்தோராவது ஆள் தப்பிக்கவில்லை. அவள் தர்மாவின் தங்கை குமுதா. அண்ணன் எழுதியதாயிற்றே என்று ஒன்றுவிடாமல் படித்தாள். தர்மாவும் தங்கையாயிற்றே என்று தனியாகவும் அனுப்பினார். மூன்று மாதத்தில் நாற்பத்தாறு கிலோ அவள்மேல் ஏறியிருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனையும் பாதி வரிசை வீடுமாக ஆகிவிட்ட இடத்தில், செம்பனை லாரி ஓட்டும் தன் கணவன் ராஜுவோடு அவள் இருந்தாள். அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் மூன்று வாரமாக மருத்துவ விடுப்பு. கட்டில் உடைந்து, மெத்தையைத் தரையில் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை ஈப்போவில் அவள் டாக்டரைப் பார்க்கும் நாள். கையில் இருந்த மாத்திரையும் வியாழனோடு முடிகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் மாத்திரை நின்றபோது நடந்தது ராஜுவுக்கு மட்டுமே தெரியும். அவன் அதை யாரிடமும் சொல்வதில்லை. நாலு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றலாம் என்று அவன் கேட்டுப் பார்த்துவிட்டான். அவள், தூக்கிக்கொண்டு போவது ஒரே ஒரு தடவைதான், அது இப்போது இல்லை, சொந்தக் காலில் நடந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை கலாதேவி தன் காரில் தர்மாவை ஏற்றி, மடியில் அரிசி மூட்டையை வைத்து, அதற்கு மேல் பெல்ட்டை மாட்டினார். வீட்டுக்குள் போனதும் மூட்டையை இறக்கிவிட்டு, தர்மா ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கால் தரையில் படவில்லை. தங்கையைப் பார்த்த வேகத்தில், "தங்கமே, தளராதே! இருளுக்குப் பின்னே..." என்று ஆரம்பித்தார். மெத்தைக்கு அடியில் சிமெண்டு விரிசல் விட்டது.

"அண்ணே, போதும்லா! இன்னொரு வரி சொன்னா நான் மண்ணுக்குள்ளயே போயிருவேன். அப்புறம் நீ செலைதான் வைக்கணும்."

"செலைக்கு பேனரும் மச்சானே அடிச்சிருவாரு, ஆடர் வெளிய போகாது" என்றான் வாசலில் நின்ற ராஜு.

"அப்ப நான் என்னாதான் சொல்றது?" என்றார் தர்மா, மேலே இருந்தபடி.

"சொல்லாத. கேளு. மூணு மாசமா இத்தன மெசேஜ் அனுப்பிருக்க, ஒண்ணுலயாச்சும் என்னைய ஏதாச்சும் கேட்டிருக்கியா?"

தர்மா ஒரு கையால் கைப்பேசியை எடுத்துத் தேடினார். தேட எட்டு நிமிடம் ஆயிற்று. கேள்வி என்று ஒன்றே ஒன்று இருந்தது: "வெற்றி உனக்கே அல்லவா?" அது கணக்கில் சேராது என்றார் கலாதேவி. தர்மாவின் காது சிவந்துபோயிற்று. எழுதத் தெரிந்த மனிதருக்குக் கேட்கத் தெரியவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, "காலையில எழுந்திரிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

கேள்வி வேலை செய்யும் விதம் இதுதான். அது சாப்பாட்டுத் தூக்குபோல, போகும்போது காலியாகப் போகிறது, வரும்போது நிரம்பி வருகிறது. பல் துலக்கும் பிரஷை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆவதைக் குமுதா சொன்னாள். மாத்திரையால் கை மந்தமாவதால் மேற்பார்வையாளர் தன்னையே பார்ப்பதைச் சொன்னாள். கைப்பேசி 'டிங்' என்றதும், நேற்றைய சிகரமே இன்னும் ஏறவில்லை, இன்று வேறொன்று வந்துவிட்டதே என்று அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, பிறகு எடுத்துப் படிப்பதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல தர்மாவின் கால் தரையை நோக்கி இறங்கியது. நடுவில் இரண்டு தடவை "அதுக்கு நீ என்னா பண்ணணும்னா" என்று வாயெடுத்து, இரண்டு தடவையும் அரை அடி மேலே போனார். கலாதேவி சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் பெருவிரல் சிமெண்டைத் தொட்டது, பிறகு குதிகால். குமுதா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ராஜு அவள் பக்கத்தில் போனான், தொடவில்லை.

நின்றபடியே அவள் கேட்டாள். "சரி. நீ மாத்திர போடுறியா?"

தர்மா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"பத்தொம்பது நாளாச்சு" என்றார் தர்மா. "ஒடம்பு லேசாத்தானே இருக்கு, எதுக்குனு விட்டுட்டேன். எல்லாருக்கும் மட்டும் 'மருந்தே அரண்'னு எழுதி அனுப்பினேன். யானை படம் போட்டு."

கேட்டவர் பக்கம்தான் எடை போகும் என்பதால், அந்தப் பதிலின் இரண்டு கிலோ குமுதாமேல் ஏறியது. சுவரைப் பிடித்திருந்த கை ஒரு சாண் கீழே இறங்கியது. உட்கார்ந்துவிடுவாள் என்று மூவரும் நினைத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"இது பரவால்ல அண்ணே" என்றாள். "இது நெசமா உன்னோடது. தாங்கலாம். நாளைக்கு நீயும் வா, சேந்தே போலாம்."

வியாழக்கிழமை அவள் சொந்தக் காலில் நடந்துவந்து தராசில் ஏறினாள். ஐம்பத்தேழு. முன்பு இருந்ததைவிட ஆறு கூடுதல்தான். அடுத்து ஏறிய தர்மா முப்பத்தொன்பது கிலோ எழுநூறு. தாதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டு அவரை நாசி லெமாக் சாப்பிடச் சொன்னார். தர்மாவுக்கு டாக்டர் மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்துக் கொடுத்து, மருந்தைத் தானாக நிறுத்துவது பற்றி இருபது நிமிடம் அறிவுரை சொன்னார். அதன் எடையைக் கலாதேவி நிறுக்கவில்லை.

மற்ற நாற்பது பேரிடமிருந்து எடையைத் திரும்பப் பெற இந்த வருடம் பிப்ரவரி வரை ஆனது. ஒரே ஒரு கேள்வி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருப்பது, தொழிலில் தான் செய்ததிலேயே கஷ்டமான வேலை என்று தர்மா சொல்கிறார். இப்போது அவர் எண்பத்து மூன்று கிலோ. கணக்குப்படி இருக்க வேண்டியதற்குமேல் சில கிலோ எங்கிருந்து வந்தது என்று கலாதேவி எல்லா வரிசைகளையும் கூட்டிப் பார்த்து, அது நாசி லெமாக் என்று முடிவு செய்தார். கூரையில் தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. பேனர் அடிக்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், "நான்தான்" என்கிறார் தர்மா. அவர்களும் சரி என்று சொல்லி அளவைக் கொடுக்கிறார்கள்.

தினம் காலை ஏழு மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "மாத்திரை போட்டாச்சா?" சிங்கம் கிடையாது. சுற்றி நிறைய காலி இடம். முதல் பதில் எப்போதும் சுங்கை சிப்புட்டிலிருந்துதான்: "போட்டாச்சு. நீ?" தர்மா உண்மையைச் சொல்கிறார். சில நாள் அது முப்பது கிராம், சில நாள் இருநூறு. தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கும் குமுதாவின் செருப்பு அந்த நேரத்தில் மண்ணில் ஒரு நூல் அளவு அழுந்தும். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு பேருந்தில் ஏறுவாள்.