நாற்பத்துமூன்று வளைந்த வால்கள்

அந்த மாடிவீட்டுக் குளியலறைத் தொட்டியில் நாற்பத்துமூன்று தலைப்பிரட்டைகள் பத்தொன்பது ஆண்டுகள் தலைப்பிரட்டைகளாகவே இருந்தன. சாகவுமில்லை, கால் முளைக்கவுமில்லை. எல்லாவற்றுக்கும் வால் இடப்பக்கம் வளைந்திருந்ததால் வட்டமாகத்தான் நீந்தின. வீட்டுக்காரி தினமும் காலையில் பாதித் தண்ணீரை மாற்றி, வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போட்டு, எண்ணி முடித்த பிறகே தேநீர் குடிப்பாள்.

எண்ணுவது அவள் பிழைப்பாக இருந்தது. ஆய்வு நிலையத்தில் தவளை முட்டைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, வெளுத்துப்போனவை எத்தனை, வளைந்தவை எத்தனை என்று சொல்வாள். அவள் கணவர் அங்கே தண்ணீர்க்காரர். ஓடையிலிருந்து காலை ஆறரைக்குக் கேனைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார். வைக்கும் முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவார். அதுதான் அவருக்கு அழைப்புமணி. புதிய களைக்கொல்லியைச் சோதித்த ஆண்டில் பத்துத் தொட்டிகள் வைத்தார்கள். ஒன்பதில் மருந்து, பத்தாவதில் வெறும் ஓடைத் தண்ணீர். முட்டைக்குள் முதல் நான்கு நாட்களில்தான் எது முதுகு, எது வால் என்று முடிவாகிறது. நான்காம் நாள் ஒன்பதிலும் வால் வளைந்திருந்தது, பத்தாவதிலும் அப்படியே. அவள் உள்ளதைச் சொன்னாள். இந்த ஓடைத் தவளைக்கு வாலே அப்படித்தான், மருந்தின் மேல் பழியில்லை என்று ஆய்வாளர் எழுதினார். அடுத்த பருவத்தில் மருந்து எல்லா வயலுக்கும் போயிற்று.

ஓடைக்கு மேலிருந்த வயல்களில் அதே மருந்தை முன்னதாகவே தெளித்துப் பார்த்திருந்தார்கள் என்பது தண்ணீர்க்காரருக்குப் பிறகுதான் தெரிந்தது. நேரே ஆய்வாளரிடம் போனார்.

"மடையில நுரை இருந்துச்சு சார். நானே பார்த்தேன். மழை நுரைன்னு நினைச்சு மொண்டுட்டேன்."

"அச்சுக்குப் போயாச்சுப்பா. நுரைக்கெல்லாமா அறிக்கையைத் திருப்ப முடியும்? போய் வேலையைப் பாரு."

பதப்படுத்தும் சாடியில் போட்டு மூட வேண்டிய பத்தாவது தொட்டித் தலைப்பிரட்டைகளை அவர் அன்றே தொட்டியோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். "நல்ல தண்ணி கெடைச்சா வளரும். என் கையால கெட்டது, என் கையாலயே சரியாகணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் மொள்ளாத கிணறில்லை, ஏறாத ஊற்றில்லை. எதிலும் கால் முளைக்கவில்லை. வெளியே தவளைச் சத்தம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, ஒரு மழைக்காலத்தில் அடியோடு நின்றது. ஊரில் யாரும் கவனிக்கவில்லை, நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார்கள். பதினாறாம் ஆண்டு ஒரு மலைப்பாதையில் கேனோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் தங்கை மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பாள். "என்ன அண்ணி, ஓட்டுப் போடுற வயசாச்சு, இன்னும் வாலை ஆட்டிக்கிட்டே திரியுதுங்க?"

"உங்கண்ணன் வளர்ப்பு. பிடிவாதம் இருக்காதா?"

சிரித்துவிட்டு அவள் போய்விடுவாள். பிறகு ஒரு மாதத்துக்கு வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்காது.

அவர் போன அதே ஆண்டு நிலையத்தை மூடினார்கள். கிடங்கைக் காலி செய்தபோது ஒரு கேன் கிடைத்தது. ஆண்டின் முதல் தண்ணீரை மாதிரிக்கென்று மூடி வைப்பது நிலையத்து வழக்கம். தெளிப்புக்கு முந்தைய ஆண்டுக் கேன் அது. பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்து மறந்துபோயிருந்தது. ஒட்டியிருந்த தாளில் அவர் கையெழுத்து: 'ஓடை. காலை ஆறரை. தெளிவு.' அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எதற்கான தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் மூடிய மூடி அது. அவர் விரல் இறுக்கியது. மூன்று ஆண்டுகள் துடைத்துத் துடைத்து வைத்தாள், திறக்கவில்லை. தொட்டிப் பக்கம் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிறகு ஒரு காலை எண்ணியபோது நாற்பத்திரண்டு வந்தது. மூன்று தரம் எண்ணினாள். ஒன்று மூலையில் வயிறு தெரிய மிதந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். "இனி தள்ளிப்போட்டா நான் மனுஷியே இல்லைங்க" என்று கேனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, துணி சுற்றித் திருகினாள். மூடி சுலபமாகவே திறந்தது. தொட்டியின் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, கேன் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள்.

பதினோரு மணிக்குப் பின்னங்கால்கள், சாப்பாட்டு நேரத்தில் முன்னங்கால்கள். வளைந்த வால்கள் வளைந்தபடியே சுருங்கி, மாலைக்குள் இல்லாமல் போயின. நாற்பத்திரண்டு தவளைகளும் படி படியாகத் தாவி இறங்கித் தெருவைக் கடந்து ஓடைப் பக்கம் போயின. கீழ்வீட்டுத் தையற்காரர் காலைத் தூக்கி வழிவிட்டார். அவள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஓடைப் பக்கமிருந்து நாற்பத்திரண்டு தொண்டைகள் ஒன்றாக, இரண்டு தரம் செருமின. அவள் அடுப்பைத் தணித்தாள். "தெறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள். அன்றுமுதல் இரண்டு குவளை தேநீர் போடுகிறாள். அந்தத் தெருவில் ஆறரை மணிக்கு இப்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.