அளவு ஜாக்கெட்டும் கான்ஸ்ட் பாயின்டரும்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்தும் அஸ்ரினுக்கு அன்று வகுப்பில் மானம் போனது. ஆறு வருடமாக அவள் போர்டில் எழுதிப்போடும் புரோகிராம் ஆய்வகத்துக்கு வந்த புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடவில்லை. புரோகிராமைச் சரிபார்த்து ஓடவைக்கும் பழைய கம்பைலர் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு வழிவிடும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். புதுசோ பிழை என்று கதவைச் சாத்திவிட்டது.

பாயின்டர் என்றால் ஒரு பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டுவது. கான்ஸ்ட் என்றால் அந்தப் பொருளைப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. சாதாரணப் பாயின்டரைக் கான்ஸ்ட் பாயின்டராகக் கொடுத்தால் எந்தக் கம்பைலரும் வாய் திறக்காது. ஆனால் அந்தப் பாயின்டர் இருக்கிற இடத்தையே கான்ஸ்ட் பாயின்டரின் இடம் என்று கொடுத்தால் ஆகாதாம். கூடுதலாகப் பூட்டுத்தானே போடுகிறோம், இதில் என்ன கெட்டுவிடும் என்று சுபாஷ் என்ற மாணவன் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டாள். வலுக்கட்டாயமாக வகையை மாற்றி எழுதிக் கம்பைலரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் காரணம் அவளுக்கே தெரியாதே, அதுதான் குடைந்தது.

சாயங்காலம் கணவன் ரபீக்கின் தையல் கடைக்குப் போனாள். கடைச் சுவரில் ஒரு கொக்கி. அதில் தொங்குவதெல்லாம் கை நீளத்தை அவன் வெட்டிக் குறைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள். அஸ்ரின் கத்திரியைத் தொடவே மாட்டாள், அவளுக்கு எல்லாத் துணியும் பார்க்க மட்டும்தான். அந்தத் தைரியத்தில் கொக்கியை அவள் பொறுப்பில் விட்டு அவன் பள்ளிவாசலுக்கு அஸர் தொழப் போனான். அப்போது வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் கண்ணகி அக்கா ஒரு அளவு ஜாக்கெட் கொடுத்துப் போனார். அளவு பார்க்கத்தான், வெட்டக் கூடாது. வகுப்பு நினைப்பிலேயே இருந்த அஸ்ரின் அதைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். ரபீக் வந்தான், எடுத்தான், ஜாக்கெட்டின் இரண்டு கையையும் நறுக்கிவிட்டான்.

அஸ்ரின் அழுதே விட்டாள். அவன் கோபப்படவில்லை.

"நீ இன்னா வெட்டவா செஞ்ச? மாட்டத்தானே செஞ்ச. என் கொக்கியில கெடந்துச்சு, வெட்டலாம்னு நெனச்சு நான் வெட்டிட்டேன். வுடு."

அஸ்ரின் அழுகையை நிறுத்தி அவனையே பார்த்தாள். துணியைத் தொடாதவளிடம் கொக்கியைக் கொடுத்ததால்தான் துணி கெட்டது. கம்பைலர் பயந்ததும் இதற்குத்தான். கான்ஸ்ட் என்று இடத்தை வாங்கியவர் பூட்டிய பொருளை அங்கே வைத்துவிட்டால், பூட்டு தெரியாத பழைய பாயின்டர் அதில் கை வைத்துவிடும். கடைத்தெருவாக இல்லாவிட்டால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவனோ கண்ணகி அக்காவுக்குப் போன் போட்டு, தன் கைதான் தவறிவிட்டது, புதுசு தைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அஸ்ரின் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் வகுப்பில் கொக்கிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சுபாஷ் மறுபடி எழுந்தான்.

"அப்ப தப்பு யாருது மேடம்? மாட்னவங்களுதா, வெட்னவருதா?"

அஸ்ரின் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"மாட்னவளுது. ஆறு வருஷமா எச்சரிக்கைய கண்டுக்காதீங்கன்னு உங்களுக்கும் தப்பாத்தான் சொல்லிக்கினு இருந்தேன். மன்னிச்சுக்கோங்க."

மணி அடித்ததும் வெளியே வந்து, ரபீக்குக்குப் போன் போட்டுக் கண்ணகி அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.