தவறணையில் ஒரு திருக்கை

நேர்த்தி வைத்தவள் பிலோமினம்மா. அதை நிறைவேற்ற வேண்டியவன் அவள் புருசன் சில்வெஸ்ரர். இந்த அநியாயத்துக்கு அந்தோனியார் எப்படிச் சம்மதித்தார் என்பதுதான் அவனுக்கு விளங்கவேயில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம், கடல் தொழிலுக்குப் போன சில்வெஸ்ரர் ஓரிரவு கரை திரும்பவில்லை. நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊர்காவற்றுறை முழுக்கக் கதை. பிலோமினம்மா கோயிலுக்கு ஓடினாள். மனுசன் உயிரோடு வந்தால் தவக்காலம் முழுவதும் கள்ளைத் தொட மாட்டார் என்று அந்தோனியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவன் வந்து சேர்ந்தான்.

தவக்காலம் தொடங்க இன்னும் நாள் இருந்ததால், வந்தவன் அன்று மாலையே தவறணைக்குப் போனான். கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளுத் தவறணை அது. சில்வெஸ்ரருக்கு அது இரண்டாவது வீடு. மனதுக்குள் அதுதான் முதலாவது. கூரையைத் தாங்கும் நடுக்கப்பில் முதுகு சாய்க்கும் இடம் அவனுடையது. பனையோலைப் பிளாவில் நுரை அடங்குமுன் கதை பிறந்துவிட்டது. வலையில் ஒரு பெரிய திருக்கை மாட்டியதாம். அது வள்ளத்தை இழுத்த இழுப்பில் நெடுந்தீவுக்கே போய்விட்டானாம். இரவு முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, விடியப்புறம் பாவம் பார்த்து வலையை அறுத்து அதைப் போகவிட்டானாம். ஒவ்வொரு மாலையும் திருக்கை ஒரு முழம் வளர்ந்தது. விற்பனைக்கு நிற்கிற சிவபாதமே கள்ளு வார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

பிறகு விபூதிப் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது.

முதல் கிழமை அவன் கூட்டாளிகளை நினைத்துப் பரிதாபப்பட்டான். தான் இல்லாமல் அதுகள் எப்படிப் பொழுதைப் போக்கும்? கூப்பிடுவார்கள் என்று தவறணை வேலியோரம் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். ஒருத்தரும் கூப்பிடவில்லை. இருமிப் பார்த்தான். உள்ளே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அடுத்த கிழமை பரிதாபம் போய்க் கோபம் வந்தது. புளித்த கள்ளும் பொய்யும் விற்கிற இடத்தில் இத்தனை காலத்தைப் பாழாக்கிவிட்டேனே என்று பிலோமினம்மாவிடமே சொன்னான். அவள் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஒரு மாலை வேலிக்கு இப்பால் நின்றபோது நாகமுத்தரின் குரல் கேட்டது. நாகமுத்தர் வேலணையில் புகையிலை செய்கிறவர். கடல் அவரை முழங்காலுக்கு மேல் நனைத்ததில்லை.

"அப்ப திருக்கை வாலைச் சுழட்டி ஒரு அடி! சில்வெஸ்ரர் 'ஐயோ அம்மா' எண்டு வள்ளத்துக்குள்ளை குப்புறப் படுத்திட்டான். பிறகென்ன, திருக்கைதான் பாவம் பாத்து அவனைக் கரையிலை கொண்டுவந்து விட்டது!"

தவறணையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சில்வெஸ்ரர் எட்டிப் பார்த்தான். நடுக்கப்பில் சாய்ந்திருந்ததும் நாகமுத்தர்தான். இடமும் போய், கதையும் போய், மானமும் போன பிறகு வெளியே நின்று என்ன பிரயோசனம்? உள்ளே நுழைந்துவிட்டான்.

"சிவபாதம், ஒரு பிளா கருப்பணி!"

கருப்பணி, சுண்ணாம்பு தடவிய மண்முட்டியில் பனையிலிருந்து இறக்கிய, புளிக்காத இனிப்புச் சாறு. அதற்கு அந்தோனியார் ஒன்றும் சொல்ல முடியாது.

"நாகமுத்தண்ணை, கடலைத் தெரியாமல் கதைக்காதேங்கோ. நடந்ததை நான் சொல்லுறன்" என்று தொடங்கினான்.

தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. கள்ளு வெறியில்லாத வாய்க்குள் திருக்கை வர மாட்டேன் என்றது. "வலையிலை..." என்றான். நின்றான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"திருக்கையும் இல்லை, ஒண்டும் இல்லை. எஞ்சின் நிண்டிட்டுது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போச்சுது. தூரத்திலை நேவிக்காரன்ரை வெளிச்சம். நான் வலையைப் போத்துக்கொண்டு கிடந்து 'பிலோமினம், பிலோமினம்' எண்டு அழுதனான். அந்தோனியாரைக்கூடக் கூப்பிடேல்லை."

பிறகு நாகமுத்தர் வாயைத் திறந்தார்.

"கருப்பணி குடிச்சால் மூளை கலங்கும் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்."

மறுபடியும் சிரிப்பு. ஒருவரும் நம்பவில்லை. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சில்வெஸ்ரர் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மீன்சந்தையில் அந்தக் கதை பிலோமினம்மாவின் காதுக்கு எட்டியது. நம்பியவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு இறால் குழம்போடு கணவாய்ப் பொரியலும் இருந்தது. அவன் சாப்பிடும்போது கேட்டாள்.

"எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?"

"ஆர் எண்ணினது?" என்றான், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.

உயிர்த்த ஞாயிறு மாலை அவளே அவனைத் தள்ளி அனுப்பினாள். "போங்கோ, நேர்த்தி முடிஞ்சுது. ஆனா அந்தக் கதையை வெறியிலை சொல்லிப்போடாதேங்கோ. என்னை இறக்கிப்போட்டுத் திருக்கையை ஏத்திப்போடுவியள்."

அவனைக் கண்டதும் தவறணை ஆரவாரித்தது. நாகமுத்தர் எழும்பி நடுக்கப்பை விட்டுக் கொடுத்தார். சிவபாதம் கேளாமலே பிளாவை நிறைத்தான். கள்ளு தொண்டையில் இறங்க இறங்க எல்லோர் மேலும் பழைய அன்பு பொங்கியது. அதோடு திருக்கையும் வாலை ஆட்டிக்கொண்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இப்ப சொல்லும், திருக்கை எவ்வளவு பெரிசு?" என்றார் நாகமுத்தர்.

சில்வெஸ்ரர் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அதை நீங்களே சொல்லுங்கோ, அண்ணை. எனக்குத் தெரியாது. நான் அண்டைக்கு வேறை ஆளோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்."