நிற்க மறுத்த லொறி

மாவனல்லை பளீல் முதலாளிக்குப் பாக்கு வியாபாரம். மாட்டுவண்டியில் சரக்கு அனுப்பி அலுத்துப்போய், ஒரு லொறி வாங்கிவிடுவது என்று முடிவுகட்டினார். கேகாலையில் முக்தார் என்ற தரகரிடம் பழைய டீசல் லொறி ஒன்று விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டார். 1938இல் அந்தப் பக்கம் டீசல் லொறியைக் கண்டவர்களே கொஞ்சப் பேர்தான். எஞ்சின் பார்க்க ஆள் வேண்டுமே என்று, தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் லொறி ஓட்டிய தேவதாசனைக் கூட்டிக்கொண்டு போனார்.

தேவதாசன் அதுவரை ஓட்டியதெல்லாம் பெற்றோல் லொறி. ஆனால் "டீசல் தெரியுமா?" என்று முதலாளி கேட்டபோது, "எஞ்சின்னா எல்லாம் எஞ்சின்தானுங்களே மொதலாளி" என்று சொல்லிவிட்டார். துரையின் காரையே சரிபண்ணியவர் என்று தோட்டத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

முக்தார் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் லொறியோடு காத்திருந்தார். எஞ்சின் மூடியைத் திறந்ததும் தேவதாசனின் கண் பழக்கதோஷத்தில், பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கைத் தேடியது. ஒன்றையும் காணோம்.

"பிளக் எங்கங்க?"

"டீசலுக்கு எங்க பிளக் ஈக்கி? பகிடிக்குத்தானே கேட்டீங்க?" என்று சிரித்தார் முக்தார்.

"ஆமாங்க. ஒங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

பளீல் முதலாளி பெருமையோடு தலையாட்டினார்.

தேவதாசன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ஆறிக்கிடக்கும் எஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் நோய் தெரியும். அதற்காகவே முக்தார் விடியற்காலையிலேயே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். தட்டல் சத்தம் கேட்கக்கூடாதென்று தடித்த எஞ்சின் எண்ணெயையும் கழுத்துமட்டும் ஊற்றியிருந்தார்.

முக்தார் முடுக்கியதும் எஞ்சின் உடனே கிளம்பியது. பின்னால் நீலப் புகை வந்தது. பெற்றோல் லொறியில் நீலப் புகை வந்தால், உள்ளே தேய்ந்துபோய் எஞ்சின் எண்ணெயே எரிகிறது என்று தேவதாசனுக்குத் தெரியும்.

"பொகை நீலமா வருதுங்களே?"

"டீசலுக்கு அதுதானே நிறம்! ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியுங்க" என்றார்.

"மிதிச்சுப் பாருங்க" என்றார் முதலாளி.

தேவதாசன் ஏறி உட்கார்ந்து எக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது. காலை எடுத்தார். உறுமல் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. லொறி முழுக்க நடுங்கியது. முக்தார் ஓடிப்போய் டீசல் குழாயை மூடினார். அப்போதும் நிற்கவில்லை.

பளீல் முதலாளியின் கண் விரிந்தது. "டீசலை மூடியும் ஓடுதா?"

"ஓடுது நானா!" என்று முதலாளியிடம் அலறினார் முக்தார்.

"டீசல் இல்லாமலே ஓடுதா! முக்தார், இந்த லொறி எனக்குத்தான். வேற ஆருக்கும் குடுக்க வாணாம்!"

சந்தை முழுவதும் நீலப் புகை பரவியது. கருவாட்டுக் கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு "துவப்பாங்! துவப்பாங்!" என்று எல்லோரையும் ஓடச்சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு தானும் ஓடினார். அவர் பின்னால் சந்தையே ஓடியது. தேவதாசன் இருக்கையிலிருந்து குதித்து வாழைக்குலைகளுக்குப் பின்னால் பதுங்கினார். "மாதாவே, மாதாவே" என்ற சத்தம் மட்டும் அங்கிருந்து வந்தது.

எஞ்சின் முகம் தெரியாமல் புகை சூழ்ந்தது. முக்தார் கோட்டைக் கழற்றி விசிறினார். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய் பக்கத்தில்தான் இருந்தது. அது கோட்டின் ஒரு கையைக் கவ்வியது. பிறகு மற்றக் கையையும் முதுகையும் சேர்த்து இழுத்தது. முக்தார் இழுத்துப் பார்த்தார். எஞ்சினுக்குத்தான் பலம் கூட. மூச்சு அடைபட்டதும் ஒரு தும்மல் தும்மிவிட்டு அது அடங்கிப்போனது.

தேவதாசன் மெல்ல எழுந்து வந்தார்.

"எப்படி, எடுக்கலாமா?" முதலாளி இன்னும் ஆசையோடுதான் கேட்டார்.

தேவதாசன் சட்டையில் ஒட்டிய வாழைச்சருகைத் தட்டினார். "மொதலாளி, எனக்கு டீசல் தெரியாதுங்க. இன்னைக்குத்தான் மொதல்ல பாக்குறேன். ஆனா அது சும்மா ஓடலிங்க. வயித்துல இருந்த எண்ணெயையே குடிச்சு ஓடிருக்கு. தேஞ்சுபோன எஞ்சினுங்க."

பளீல் முதலாளிக்குக் கோபம் வந்தது. முக்தார் கோட்டின் மிச்சத்தோடு நிற்பதைக் கண்டதும் சிரிப்பும் வந்தது. சிரிப்பே வென்றது.

"சரி, மத்ததையாவது பாருங்க."

இப்போது தேவதாசன் லொறிக்கு அடியில் புகுந்தார். அச்சு, வில், கியர், டயர்ச் சில்லு எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. "ஒடம்பு தங்கமுங்க. எஞ்சின மட்டும் கழட்டி எறிஞ்சுட்டுப் பெற்றோல் எஞ்சின் ஒண்ணு போட்டுக்கலாம்."

பழைய இரும்பு விலைக்குக் கேட்டார்கள். சந்தைக்காரர்கள் கோபத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்ததால், முக்தாருக்கு அந்த லொறி கண்ணைவிட்டு மறைந்தால் போதுமென்றிருந்தது; உடனே சம்மதித்தார்.

லொறியை இரண்டு சோடி மாடுகள் கண்டி வீதியில் இழுத்துச் சென்றன. ஏற்றத்தில் மாடுகள் லொறியை இழுத்தன. இறக்கத்தில் லொறி மாடுகளைத் துரத்தியது. தேவதாசன் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிச் சிரித்தார்கள். முதலாளி அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டே வந்தார்.