சாக்குக் கழிவு

கயிறிழுக்க எட்டுப் பேர். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து ஆயிரத்து நூற்றிருபது இறாத்தலைத் தாண்டக் கூடாது. 1966இல் மாத்தளை வாலிபர் சங்கங்களின் விளையாட்டு விழாவுக்குப் போட்ட இந்த விதி, அழகுமுத்து ஒருவனுக்காகவே எழுதியது போலிருந்தது. ஆள் அப்படி. கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் சாய்ந்தால் லொறியே யோசிக்கும்.

சங்கத்தில் சேர்ந்து மூன்று வருடம். கரம் போர்ட், பூப்பந்து எதிலும் அவனுக்கு இடம் கிடைத்ததில்லை. நாடகத்தில் திரை இழுத்தான். கயிறு ஒன்றுதான் அவனுக்கென்று வந்தது. அதற்காக ஒரு மாதம் மாலை ரொட்டியை விட்டான், இராச்சோற்றைப் பாதியாக்கினான். பிள்ளைக்குக் காதல் என்று முடிவுகட்டிய அவன் அம்மா அழகாயி, இரண்டு வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மனுக்கு அர்ச்சனை செய்தாள்.

ஞாயிறுதோறும் எட்டுப் பேரும், அவர்களில் ஒருவனான புஹாரியின் வாப்பாவுடைய கொக்கோ ஸ்டோருக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசி ஞாயிறு கூட்டிப் பார்த்தபோது ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது. அணித்தலைவன் பாறூக், அழகுமுத்துவின் வயிற்றில் தட்டினான்.

"இப்ப பொண்ணு பாக்கலாம்டா ஒனக்கு."

விழா மைதானத்துத் தராசோ ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து காட்டியது. பதினைந்து இறாத்தல் கூட. எல்லோரும் அழகுமுத்துவைப் பார்த்தார்கள்.

"ரொட்டி தின்னியா?" என்றான் ராசையா.

"அம்மா மேல சத்தியமா இல்ல."

புஹாரி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அடிக்காதீங்க மச்சான். எங்கட தராசுல சாக்கு எடைக்குன்னு ரெண்டு இறாத்தல் கழிச்சுத்தான் முள்ளு வெச்சிருக்கு. கொக்கோ கொண்டாற எல்லாருக்கும் அது தெரியும்."

"நாங்க என்ன சாக்குலயா கட்டி வந்தோம்?" என்றான் பாறூக்.

எட்டிரண்டு பதினாறு. புஹாரியை அடிக்க நேரமில்லை.

மாற்றாளாக இத்ரூஸ் இருந்தான். தொண்ணூற்றெட்டு இறாத்தல், அதிலும் பாதி தலைமுடி. எட்டுப் பேரில் யாருக்குப் பதிலாக அவன் இறங்கினாலும் எடை அடங்கிவிடும். ஆனால் பெயர் கொடுத்த பிறகு காயம்பட்டவருக்குப் பதிலாகத்தான் மாற்றாளை விடுவார்கள்.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அழகுமுத்து குழாயடிக்குப் போனான். பாரமானவன் விலகுவதுதான் நியாயம் என்று அவனுக்குப் பட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு நடுவர் ஸக்கரியா மாஸ்டரின் மேசையை நோக்கி நடந்தான். பாதி வழியில் நினைவு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

மேசையருகே ஏற்கெனவே ஏழு பேர் நின்றார்கள். பாறூக்குக்குத் தோள் பிசகியிருந்தது. ராசையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். புஹாரி நொண்டினான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கென்ன?" என்றார் மாஸ்டர்.

"இடுப்பு, மாஸ்டர்."

"பொய் சொல்றான் மாஸ்டர், அவனுக்கு ஒண்ணுமில்ல," என்று ஏழு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

மாஸ்டர் பேனாவை மூடினார். "எதிர்ல இழுக்கப்போற பலாபத்வலக்காரங்க இன்னும் கயித்தத் தொடவே இல்ல. அதுக்குள்ள எட்டுப் பேரும் ஆஸ்பத்திரி கேஸா?"

"ஒரு மாசமா பட்டினி கெடந்தவன் மாஸ்டர் இவன்." பிசகிய கையை நன்றாக நீட்டி பாறூக் அழகுமுத்துவைக் காட்டினான். "இவன் வெளிய நின்னா நாங்களும் வெளியதான்."

அழகுமுத்து தரையைப் பார்த்தான். இடுப்பில் வைத்த கையை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாஸ்டர் புஹாரியின் பக்கம் திரும்பினார். "வரும்போது எடது கால நொண்டின. இப்ப வலது கால்."

"வலி நகருது மாஸ்டர்."

மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, புஹாரியின் பெயரை வெட்டினார்.

விசில் ஒலித்தது. கயிறு விறைத்தது. அழகுமுத்து சாய்ந்தான். அவனுக்கு முன்னால் இத்ரூஸ் கயிற்றில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்கினான். புஹாரி கோட்டோரமாக மேலும் கீழும் ஓடி, துள்ளித் துள்ளிக் கத்தினான். பலாபத்வல அணியின் தலைவன், கயிற்றை விடாமலே, மோவாயால் அவன் கால்களைச் சுட்டிக் காட்டினான்.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"புஹாரி, நொண்டுடா."

சிரிப்பில் அழகுமுத்துவின் குதிகால் அரையடி வழுக்கியது. பல்லைக் கடித்து மறுபடி ஊன்றினான். முன்னால் ஏழு முதுகுகளும் சிரித்துக் குலுங்கிக்கொண்டே இழுத்தன.