எல்லாமே சிவப்பு ஒயர்

பல்லில் கடித்திருந்த இன்சுலேஷன் டேப்பைப் பிய்த்துத் துப்பிவிட்டு, சின்னவள் அடுத்த ஒயரை இழுத்தாள். அதுவும் சிவப்பு. ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் முகத்துக்கு நேராக ஒரு கொத்து ஒயர் தொங்கியது. அத்தனையும் ஒரே சிவப்பு. எது லைட்டுக்குப் போகிறது, எது ஹாரனுக்கு, எது பெட்ரோல் மீட்டருக்கு என்று தெரிந்த ஒரே ஆள் வீட்டுக் கூடத்தில், பெஞ்சின்மேல், வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்.

"நல்லா படுங்க," என்றாள், வீட்டுப் பக்கம் பார்க்காமலே. "நிம்மதியா படுங்க."

அப்பாவுக்கு அந்த வட்டாரத்தில் மீட்டர் என்றுதான் பெயர். வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவர். முள் நின்றுபோன எந்த மீட்டரையும் ஆட வைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. கோபம் வந்தால் மட்டும் அவருடைய முள் நின்றுவிடும். கத்த மாட்டார், தட்டை வீச மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். ஒரே நாளில் முடிந்தால் வீட்டார் செய்த புண்ணியம். மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது ஒரு மழைக்காலம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிப் போவதற்கு அந்த வீடு பழகியிருந்தது. வெளியில் அவருக்கு வேறு பெயர். "தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்" என்று இப்போதும் கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது கேட்டது. சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டேஷ்போர்டில் புகை வந்தது போன வாரம். பழைய ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அப்பா எல்லாவற்றையும் உருவி எறிந்தார். புதுத் தகடு வெட்டி, மீட்டர்களுக்கு வட்ட வட்டமாகத் துளை போட்டு, கையைக் கிழிக்காதபடி விளிம்பை அரம் வைத்து ராவினார். அதுவரை இருவருக்கும் ஒத்துப்போனது. பட்டறையில் பாதி வேலை அவளுடையதுதான். பிறகு அவர் கடையிலிருந்து ஒரு பெரிய சுருள் ஒயரோடு வந்து இறங்கினார். ஒரே நிறம்.

லைன் ஒன்றுக்கு ஒரு கலர் போடாமல் இது என்ன வேலை என்று அவள் கேட்டாள்.

"கரண்டுக்குக் கலர் தெரியுமா?" என்றார்.

"கரண்டுக்குத் தெரியாது. நாளைக்கு இதைப் பிரிக்கிறவனுக்குத் தெரியணுமில்ல?"

"என் வண்டியை எவன் பிரிக்கப் போறான்?"

அவள் விடவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்து, ஒவ்வொரு ஒயர் நுனியிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, எது எதற்கு என்று எழுதி வைத்தாள். மறுநாள் அத்தனையும் பிய்ந்து பானட்டின்மேல் குவிந்து கிடந்தன. அதோடு அவர் பேச்சு நின்றது. அவளும் நிறுத்திக்கொண்டாள். மீட்டர் பெற்ற பிள்ளைதானே.

நேற்று மத்தியானம் டீ கொண்டு வந்தாள். டிரைவர் பக்கத்தில் அவருடைய கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "டீ," என்றாள். பதில் இல்லை. டம்ளரை பானட்டில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வந்து பார்த்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. "குடிக்கலேன்னா யாருக்கு நஷ்டம்?" என்று அந்தக் கால்களைக் கேட்டுவிட்டு, டீயைக் கொட்டி, டம்ளரைக் கழுவப் போட்டாள். பொழுது சாய்ந்து வாசல் விளக்கைப் போட வந்தபோதுதான், செருப்பு கழன்ற பாதத்தில் எறும்பு ஊர்வதைப் பார்த்தாள். அவர் காலை உதறவில்லை.

பைக்கில் வந்த டாக்டர் இதயம்தான் என்றார். கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டார்.

"மூணு நாளா பேசலை," என்றாள் சின்னவள்.

மூன்று நாளாகவா, அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டாமா என்று டாக்டர் அவளை முறைத்தார். அவருக்கு எங்கே போய் விளக்குவது?

விடிந்ததும் அண்ணன் வந்து சேர்ந்தான். இடுகாடு மேட்டில் இருந்தது. மழையில் கல் பெயர்ந்த அந்தப் பாதையை வண்டியை விட்டு இறங்கிப் பார்த்ததும், உடலை ஏற்றிப்போக வந்த வேன்காரர் கையை விரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தோளில் தூக்கிப் போகலாமென்றால், வந்திருந்த ஆண்களில் பாதிப் பேருக்குத் தங்கள் முழங்காலைத் தூக்கிப் போவதே பெரும்பாடு. இத்தனை வருஷமாக அந்த மேட்டுக்குச் செத்தவர்கள் எல்லோரையும் ஏற்றிப்போன வண்டி இந்த ஜீப்தான். அதுவோ குடலைச் சரித்துப் போட்டுக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வந்து குனிந்து பார்த்தார். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், பேட்டரியிலிருந்து காயிலுக்கு ஒரு ஒயர், செல்ஃபுக்கு ஒரு ஒயர், டைரக்டாகக் கொடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றார். அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டான்.

டைரக்ட் என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. சுவிட்சையும் ஃபியூஸையும் விட்டுவிட்டு எவனாவது டைரக்ட் கொடுத்த வண்டி பட்டறைக்கு வந்தால், அந்த ஒயரைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார்.

"டைரக்ட் கிடையாது. எல்லாத்தையும் மாட்டித்தான் எடுப்பேன்," என்றாள் சின்னவள்.

அப்பாவின் மேல் இருந்த மரியாதையால் அல்ல. அவளுக்கு அந்தச் சண்டையில் ஜெயிக்க வேண்டியிருந்தது. கலரும் இல்லாமல், காகிதமும் இல்லாமல், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, லைட் எரிய, ஹாரன் அடிக்க, எல்லா முள்ளும் ஆட, அவரை அதே வண்டியில் ஏற்ற வேண்டும். எதிராளி போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அவள் வீம்புக்குத் தெரியவில்லை.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் போவதும் வருவதுமாக இருந்தான். இன்னொரு மழை பிடித்தால் ஜீப்பும் ஏறாது என்றான். அப்பா கிடக்கிற கிடையில் உனக்கு இங்கே என்ன பிடிவாதம் என்றான். எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்குப் பேச்சைப் பார் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவன் இரண்டு முறை கூப்பிட்டான், கதவைத் தட்டினான், தலையில் அடித்துக்கொண்டு போனான். கத்துகிறவனைக் கத்த விட்டுவிட்டுச் சும்மா கிடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது.

பிறகு அம்மாவின் குரல். என்னவோ கேட்டாள். சின்னவள் ஒரு ஒயரைச் சீவிக்கொண்டிருந்தாள். அம்மா மறுபடி கேட்டாள். அவள் பேசவில்லை.

இரண்டு கைகள் அவள் கணுக்கால்களைக் கவ்வி இழுத்தன. தலை பிரேக் பெடலில் இடிக்க, முதுகு தரையில் தேய, பாதி உடம்பு வெளியே வந்தது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேசுடி. பேசித் தொலையேன்."

"இருக்கேம்மா."

அம்மா காலை விடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நேத்து நீ டீ வச்சிட்டுப் போனதுக்கப்புறம் நானும் வந்தேன். இதே மாதிரி காலு. வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். முப்பது வருஷத்துல அப்படித் திட்டினதே இல்ல. கம்முனு கேட்டுக்கிட்டுக் கிடக்காருன்னு நெனச்சேன். மனசு லேசாயிடுச்சுடி. உள்ள போய் நல்லாத் தூங்கினேன்."

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"செத்துட்டாரா, கோவமா இருக்காரான்னே தெரியலியே. இது என்ன பொழப்பு? என்ன மனுஷன்டி அவரு?" அம்மா ஜீப்பின் சக்கரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கூடத்தில் பேச்சு அடங்கிப்போனது.

நெற்றி வீங்குவதைத் தடவியபடி சின்னவள் வண்டிக்குள் பார்த்தாள். பாதிக்கு மேல் கண்டுபிடித்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணா," என்று கூப்பிட்டாள். அவன் ஓடி வந்தான். "பேட்டரிலேர்ந்து ரெண்டு ஒயர் இழு. டைரக்ட் குடுத்துடலாம்."

அவன் அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். பானட்டைத் திறந்தான்.

மழைக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். பின்னால் அப்பா. அவர் உருண்டுவிடாமல் அண்ணனும் லாரி டிரைவரும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நடந்து வந்தார்கள். ஸ்டியரிங்கில் சின்னவள். அவள் காலில் சிக்காமலிருக்க, தொங்கிய ஒயர்களையெல்லாம் மீட்டர்த் தகட்டோடு சேர்த்து அள்ளி, பக்கத்து சீட்டில் இருந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் வளைவு தாண்டுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். பின்பக்கம் திரும்பாமல், கண்ணாடிக்கு வெளியே பாதையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏங்க, நான் காய்ச்சல்ல நாக்கு வறண்டு கிடந்தப்ப சொம்பைக் கொண்டாந்து கட்டில்கிட்ட வச்சிட்டுப் போனீங்களே. குடின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? அப்ப உங்களுக்குக் கோவம் வர்ற மாதிரி நான் என்ன பண்ணினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்குதா?"

கற்கள் சக்கரத்துக்கு அடியில் நழுவின. அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"கேக்குதான்னு கேக்கறேன்," என்றாள் அம்மா, இன்னும் சத்தமாக.

"கேக்குதும்மா. சொல்லு," என்று சின்னவள் கியரை மாற்றினாள்.